காந்தக் கவண்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே மரபு. சிலம்பும் குறளும் முழங்கிய இவ்விடத்தில் இவ்வாண்டு செம்புக் கம்பியையும் இரும்பாணியையும் பற்றிச் சில சொல்ல விழைகின்றோம். பொறுத்தருள வேண்டுகின்றோம். நாம் மெட்ரிக்குலேஷன் வரை பயின்று ரயில்வேயில் கணக்கெழுதும் பணியில் இருப்பவர். விஞ்ஞானப் பட்டம் எதுவும் நம்மிடம் இல்லை. எனினும் இப்பொருளைப் பேசுவதற்கு ஒரு தேவை எழுந்துள்ளது.

பேசப் புகும் கருவி, மின்காந்த விசையால் இரும்புத் துண்டை எறியும் கருவி. பிள்ளைகள் அதனைக் 'காயில் கன்' என்பர். நாம் அதனைக் காந்தக் கவண் என்று அழைப்போம். தினைப்புனத்தில் கிளி கடிந்த மகளிர் கையில் இருந்தது கவண். அங்கே கையின் சுழற்சி கல்லை எறிந்தது. இங்கே காந்தத்தின் ஈர்ப்பு ஆணியை எறிகின்றது. இப்பெயரை நாம் தேர்ந்தெடுத்த காரணத்தைப் பின்னர்க் கூறுவோம்.

மின்சாரத்துக்கும் காந்தத்துக்கும் உறவு உண்டென்பது உலகிற்குத் தெளிவாகி இருநூறு ஆண்டுகளுக்குச் சிறிது மேல் ஆகின்றது. 1820-ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டுப் பேராசிரியர் ஓர்ஸ்டெட், மின்சாரம் ஓடும் கம்பியின் அருகில் திசைகாட்டி ஊசி அசைவதைக் கண்டார். 1825-இல் இங்கிலாந்தில் வில்லியம் ஸ்டர்ஜன் என்பார் இரும்பின்மீது கம்பி சுற்றி மின்காந்தம் செய்து காட்டினார். அவர் இளமையில் செருப்புத் தைக்கும் தொழில் பழகியவர். கொல்லர் குடியில் பிறந்து, புத்தகம் கட்டும் கடையில் வேலை கற்ற மைக்கேல் ஃபாரடே, காந்தத்தை அசைத்து மின்சாரம் எழுப்பலாம் என்று 1831-இல் நிறுவினார். டைனமோவும் மோட்டாரும் இவ்வறிவின்மேல் எழுந்தவையே. ரயில் நிலையத்தில் சிக்னல் சுற்றுகளை இணைக்கும் ரிலேயும் வீட்டு வாயிலில் ஒலிக்கும் அழைப்பு மணியும் இக்கம்பிச் சுருளின் பிள்ளைகளே.

இனிக் கவணின் அமைப்பைக் காண்போம். மோட்டார் வைண்டிங் கடைகளில் வார்னிஷ் பூசிய செம்புக் கம்பி கிடைக்கும். எழுதித் தீர்ந்த பேனாவின் குழாய்மீது அதனை நெருக்கமாகச் சில நூறு சுற்றுச் சுற்றினால் சுருள் ஆயிற்று. சுருளின் வாயிலில் ஓர் இரும்பாணியை வைத்து மின்சாரம் பாய்ச்சினால், சுருள் அதனை உள்ளே இழுக்கும். நடுவிடத்தை அடையும்வரை அவ்விழுப்பு ஆணியை முன்னே செலுத்தும். நடுவைக் கடந்தால், அதே இழுப்பு ஆணியைப் பின்னே பற்றி இழுக்கும்! மின்சாரம் ஓயாது ஓடினால் ஆணி சுருளுக்குள்ளேயே ஆடி அடங்கிவிடும். ஆணி நடுவை எட்டும் கணத்தில் மின்சாரம் அற்றுப்போக வேண்டும். அப்போதுதான் அது பெற்ற வேகத்தோடு மறுபுறம் பாயும். மின்சாரத்தை உரிய கணத்தில் நிறுத்துவதிலேயே இக்கருவியின் சூட்சுமம் முழுவதும் அடங்கியிருக்கின்றது.

இதற்குத் துணைபுரிவது கெப்பாசிட்டர் என்னும் மின்தேக்கி. குழாயில் சொட்டுச் சொட்டாய் வாளியில் நிறைந்த நீரை ஒரே வீச்சில் கவிழ்ப்பதுபோல, மெல்ல ஏற்றிய மின்சாரத்தை அது கணப்பொழுதில் கொட்டித் தீர்த்துவிடும்.

நம் சங்கத்துக் குடும்பங்களைச் சேர்ந்த பள்ளி மாணவர் மூவர் இத்தகைய கவண் ஒன்றைச் செய்து நமக்குக் காட்டினர். அவர்கள் கொண்ட மின்தேக்கி 4700 மைக்ரோபாரடு அளவினது. ஏற்றிய அழுத்தம் 25 வோல்ட்டு. அதில் தேங்கும் ஆற்றல் ஏறத்தாழ ஒன்றரை ஜூல். ஒரு கிலோ அரிசிப் பொட்டலத்தை ஒரு சாணுக்கும் குறைவான உயரத்துக்குத் தூக்கும் உழைப்பு அவ்வளவுதான். ஆணியின் எடை 2 கிராம். அது எவ்வளவு வேகத்தில் செல்கின்றது? விலையுயர்ந்த கருவி அவர்களிடம் இல்லை. ஆனால் 80 சென்டிமீட்டர் உயர மேசை இருந்தது. தையற்காரர் அளவு நாடாவும் இருந்தது. மேசை விளிம்பிலிருந்து கிடைமட்டமாய்ப் புறப்படும் எப்பொருளும் தரையைத் தொட எடுக்கும் காலம் ஏறத்தாழ 0.4 விநாடி. ஆணி 2 மீட்டர் தள்ளி விழுந்தது. ஆகவே அதன் வேகம் விநாடிக்கு 5 மீட்டர்.

இவ்விடத்தில்தான் அவர்கள் வியந்து நின்றனர். 2 கிராம் ஆணி அவ்வேகத்தில் கொண்ட ஆற்றல் 0.025 ஜூல். கொடுத்ததோ ஒன்றரை ஜூல். நூற்றில் இரண்டு பங்குகூடத் தேறவில்லை! எஞ்சிய தொண்ணூற்றெட்டும் எங்கே? பெரும்பகுதி கம்பியில் வெப்பமாய்க் கழிந்தது. மின்ரயிலை இழுக்கும் மோட்டார் தான் பெறும் ஆற்றலில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் வேலையாக்கித் தருகின்றது. அங்கே காந்தத்தின் பாதை பெரும்பாலும் இரும்பினூடே செல்லும். இடையிலுள்ள காற்று மிகச் சிறிது. கவணில் காந்தம் பரந்த காற்றினூடே சுற்றி வரவேண்டும். ஆணியின் தொடக்க இடத்தை ஓரிரு மில்லிமீட்டர் நகர்த்தினாலும் எறியும் தூரம் மாறுவதைக் கண்டு, அவர்கள் நோட்டில் பட்டியல் எழுதியிருந்தனர். அப்பட்டியலைக் கண்டு நாம் பெருமகிழ்வு கொண்டோம். கணக்கு எழுதிப் பழகிய கண்ணுக்கு உண்மையான கணக்கின் அழகு தெரியும் அன்றோ?

ஆயினும் அபாயத்தை மறைத்துப் பேசுதல் அறமாகாது. பழைய பிளாஷ் கேமராவிலுள்ள மின்தேக்கியில் 300 வோல்ட்டு அளவுக்கு மின்சாரம் ஏறும். பேட்டரியைக் கழற்றிய பின்னும் அது அங்கே தங்கியிருக்கும். தொட்டவரின் உயிருக்கே அது ஊறு செய்யக்கூடும். மின்தேக்கியின் கூட்டல், கழித்தல் முனைகளை மாற்றி இணைத்தால் அது வெடிக்கவும் கூடும். ஆகவே மாணவர் 25 வோல்ட்டுக்கு மேற்செல்லுதல் வேண்டா. வீட்டு மின்சாரப் பிளக்கை இதற்குத் தொடவே வேண்டா. வேலை முடிந்ததும் மின்தடை ஒன்றின் வழியாக மின்தேக்கியை வடியவிட்டு, மீட்டர் வைத்துப் பார்த்த பின்னரே கை வைத்தல் வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி அணிதல் வேண்டும். ஆணி செல்லும் திசையில் கந்தல் அடைத்த பெட்டி நிற்கலாம். ஆள் நிற்றல் கூடாது.

இனி, இவ்விளையாட்டால் ஆகும் பயன் என்ன என்று கேட்கும் பெரியோர்க்கு நார்வே நாட்டில் நடந்த ஒன்றைச் சொல்வோம். கிறிஸ்தியான் பிர்க்கலாண்டு என்பார் வடதுருவ வானில் தோன்றும் ஒளியை ஆராய்ந்த பேராசிரியர். அவர் 1901-இல் மின்காந்தப் பீரங்கி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். வெடிமருந்தின்றிக் குண்டெறியும் பீரங்கி! 1903-ஆம் ஆண்டில், இன்று ஆஸ்லோ எனப்படும் தலைநகரின் பல்கலைக்கழக மண்டபத்தில், பெருமக்கள் பலர் முன்னிலையில் அதனை இயக்கிக் காட்டினார். விசையை அழுத்தினார். மின்சாரம் தடம் மாறிப் பாய்ந்தது. பேரொலி எழுந்தது; கண் கூசும் தீச்சுடர் சீறிற்று; அவையோர் நடுங்கினர். பீரங்கியின் கதை அன்றோடு முடிந்தது.

ஆனால் அதே ஆண்டில் சாம் ஐடே என்னும் எஞ்சினியர் வேறொன்றைத் தேடிக்கொண்டிருந்தார். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து உரமாக்கப் பெரியதொரு மின்சுடர் வேண்டும் என்பது அவர் எண்ணம். பீரங்கியைக் கெடுத்த சுடரே அதற்கு வழிகாட்டிற்று! மின்காந்தத்தின் வலிமையால் அச்சுடரைத் தட்டுப்போல் அகல விரித்து, அதன் கடுவெப்பத்தில் நைட்ரஜனையும் ஆக்சிஜனையும் கூட்டினர். 1905-இல் நார்ஸ்க் ஹைட்ரோ நிறுவனம் பிறந்தது. காற்றிலிருந்து உரம் வந்தது. குண்டெறியச் சுற்றிய கம்பி பயிர் விளைக்கும் வழியில் சென்றது. மின்சாரத்தை மிகுதியாய் விழுங்கிய அம்முறையைப் பின்னர் ஜெர்மானியரின் அம்மோனியா முறை வென்றது. எனினும் தொடங்கி வைத்த பெருமை மறையாது.

உரம் என்றவுடன் நம் அண்டையிலுள்ள ஏலூர் நினைவுக்கு வரும். பெரியாற்றங்கரையில், உத்தியோகமண்டலத்தில் உள்ள ஃபாக்ட் தொழிற்சாலை 1943-இல் பதிவாகி, 1947-இல் உற்பத்தியைத் தொடங்கிற்று. திருவிதாங்கூர்த் திவான் சர் சி. பி. இராமசாமி ஐயரின் ஊக்கத்தில், தமிழ்நாட்டுச் சேஷசாயி சகோதரர் முன்னின்று நிறுவியது அது. விறகை எரித்து எடுத்த வாயுவைக் கொண்டு அங்கே அம்மோனியா செய்தனர். முறை வேறாயினும், காற்றின் நைட்ரஜனை நெல்லின் வேருக்குக் கொண்டு சேர்க்கும் முயற்சி ஒன்றே. அதே நைட்ரஜன் வெடிமருந்தும் ஆகும் என்பதையும் நாம் அறிவோம். ஆக்கமும் அழிவும் ஒரே வாயிலில் நிற்பது விஞ்ஞானத்தின் இயல்பு. எவ்வழி செல்வது என்பதைப் பிள்ளைக்குச் சொல்லவேண்டியவர் பெரியோர்.

எறியும் சுருளுக்கு எதிர்காலம் இல்லை என்றும் எண்ணற்க. அமெரிக்கக் கடற்படையின் ஜெரால்டு ஃபோர்டு என்னும் விமானந்தாங்கிக் கப்பல் 2017-இல் பணியில் சேர்ந்தது. அதில் விமானங்களை ஓடுதளத்திலிருந்து உந்தி விடுவது நீராவி அன்று; வரிசையாய் அமைந்த மின்காந்தச் சுருள்களே. ஷாங்காய் நகரில் 2004 முதல் பயணிகளை ஏற்றிச் செல்லும் காந்த ரயிலை முன்னே செலுத்துவதும் அத்தகைய சுருள்வரிசையே. நம் கொச்சிக் கப்பல் தளத்தில் கட்டப்பெற்று 2022 செப்டம்பர் 2-ஆம் நாள் நாட்டுக்கு அளிக்கப்பெற்ற விக்ராந்தில் அத்தகைய கருவி இல்லை. முனை மேல்நோக்கி வளைந்த தளத்திலிருந்து விமானம் தன் விசையாலேயே எழும். நாளை ஒருநாள் இந்நாட்டுக் கப்பலுக்கு மின்காந்த உந்துகருவி வேண்டுமாயின், அதனை வகுப்போர் இன்று எங்கோ ஆணி எறிந்து அளந்துகொண்டிருக்கும் சிறுவராகவும் இருக்கலாம்.

தமிழ்நாட்டில் இதற்கு முன்மாதிரி இல்லையா? 1930-களில் பைக்காரா நீர்மின்சாரம் கோவைக்கு வந்தது. பள்ளிப் படிப்பு மிகுதியும் பெறாத ஜி. டி. நாயுடு அவர்கள், பாலசுந்தரம் அவர்களோடு கூடி 1937-இல் மின்மோட்டார் செய்தார். பின்னர் அந்நகரம் மோட்டாருக்கும் பம்புக்கும் பெயர்பெற்ற நகரமாயிற்று. கம்பியைத் தாமே சுற்றிப் பார்த்த கைகள் ஒரு நகரத்தின் தொழிலையே வளர்த்தன!

அன்பர்களே, இனி நம் வீட்டு நிலைக்கு வருவோம். மாணவர் செய்த கவணைப் பற்றிய செய்தி தெருவில் பரவியபோது, 'துப்பாக்கி' என்றே பரவிற்று. ஒரு பள்ளிக் கண்காட்சியில், 'கன்' என்னும் பெயரைக் கேட்ட அளவிலேயே இடம் மறுத்தனர். கருவியைப் பார்க்கவும் இல்லை. தந்தை ஒருவர் சுருளைப் பரணில் ஏற்றிவிட்டார். 'பிழைக்க வந்த ஊரில் நமக்கு ஏன் இந்த வம்பு?' என்று ஒரு தாயார் கண்கலங்கினார். அவ்வச்சத்தை நாம் எள்ளவில்லை. மலையாளமும் கொங்கணியும் குஜராத்தியும் தமிழும் ஒரே தெருவில் ஒலிக்கும் இம்மட்டாஞ்சேரியில், அண்டை வீட்டாரின் நல்லெண்ணமே நம் செல்வம். வாடகை வீட்டில் வாழ்வோர்க்கு அது நன்கு தெரியும். கவண் என்னும் பெயரை நாம் நாடிய காரணமும் இதுவே. அயலார் அஞ்சாத பெயரைச் சூட்டி, அயலார் காணும் இடத்தில் செய்தால் வம்பு எங்கிருந்து வரும்?

ஆனால் தடுத்துவிட்டால் பிள்ளை நின்றுவிடுவான் என்று எண்ணுதல் தவறு. அவன் மொட்டை மாடிக்குப் போவான். அங்கே 25 வோல்ட்டோடு நில்லான். பழைய கேமராவைப் பிரிப்பான். மறைவில் செய்பவனுக்கு மின்தேக்கியின் அபாயத்தை எடுத்துச் சொல்ல அருகில் எவர் இருப்பார்? பெற்றோரின் அச்சம் எதைத் தடுக்க எழுந்ததோ, அதையே அது வரவழைத்துவிடும்.

ஆதலின் இப்பேரவைக்கு நம் வேண்டுகோள் ஒன்றுண்டு. நம் சங்கப் படிப்பகத்தில் ஒரு மேசையை மாணவரின் கைவேலைக்கு ஒதுக்குவோம். வாரம் ஒருமுறை, மாலை இரண்டு மணி நேரம் போதும். நம்மிடையே எலெக்ட்ரீஷியன் தொழில் செய்வோர் உளர். ஓய்வுபெற்ற ஆசிரியர் உளர். முறைவைத்து ஒருவர் உடன் அமரட்டும். ஒரு மீட்டரும் இரண்டு கண்ணாடியும் சங்கச் செலவில் வாங்கலாம். மலையாள நண்பர்களின் பிள்ளைகளும் வரட்டும். காந்தம் என்னும் சொல் இரு மொழிக்கும் பொதுவன்றோ! செய்ததையும் அளந்ததையும் நம் பிள்ளைகள் தமிழில் எழுதி வைக்கட்டும். சுருளையும் விசையையும் பற்றித் தம் தாய்க்குத் தாய்மொழியில் விளக்க வல்ல பிள்ளை, தமிழையும் கற்றவன் ஆவான். விஞ்ஞானத்தையும் கற்றவன் ஆவான். அயல்மண்ணில் தமிழ்ச் சங்கம் நடத்துவதன் பயன் அதனினும் வேறு உண்டோ?

செயற்குழு இதனை ஆராய்ந்து, வரும் பள்ளியாண்டுத் தொடக்கத்திற்குள் முடிவு காண வேண்டுகின்றோம். 

வாழ்க தமிழ்! வளர்க அறிவு!