இடித்த சுவரும் வெடித்த சுவரும்



கூடம் விசாலமாகட்டும் என்று என் மாடி வீட்டின் நடுச்சுவரை இடித்தேன். "வெறும் தடுப்புச் சுவர்தான்" என்றார் கொத்தனார். மூன்றாம் வாரம் மேல்மாடிக் கதவு மூலையிலிருந்து சாய்வாக வெடிப்பு ஓடியது, கதவும் இறுகியது. சிமெண்டு பூசினேன், மீண்டும் பிளந்தது.

மாடியின் பாரத்தைத் தாங்கியது அச்சுவரே என்பதை இஞ்சினியர் வந்த பிறகே அறிந்தேன். அவர் முட்டுக்கொடுத்து, இரும்பு உத்திரம் வைத்துக் காப்பாற்றினார். தோட்டக் கணக்கெல்லாம் எழுதும் கிராணிக்கு இந்தப் பாரக் கணக்குத் தெரியாமற்போயிற்று!

நான் தப்பினேன், எல்லாரும் தப்புவதில்லை. 1995-இல் தென்கொரியாவின் சியோல் நகரில் சம்பூங் அங்காடி இடிந்து 502 பேர் மாண்டனர். அங்கும் தூண்களை மெலிதாக்கியிருந்தார்கள். அன்று காலை வெடிப்புகள் பெருகியும் அங்காடியை மூடவில்லை.

ஆகவே, இஞ்சினியரைக் கேளாமல், நகராண்மைக் கழக அனுமதியின்றிச் சுவரில் கை வைக்காதீர்கள். வெடிப்பைப் பூசி மறைக்காதீர்கள். பிள்ளைகளை வெளியேற்றிவிட்டு உடனே முட்டுக்கொடுக்கச் செய்யுங்கள்.