இசைத்தட்டை முழுமையாகக் கேட்டல்



தனிப் பாட்டுகளைச் சேர்த்துவைத்தால் அது திரட்டு. ஒரே கருத்தால் கோத்தால் அது தொடர்நிலைப் படைப்பு. மேனாட்டு ராக் இசையில் இத்தகைய தட்டுகள் 1960-களின் பிற்பகுதியில் பெருகின. பிங்க் ஃபிளாய்டு குழுவினர் 1973-இல் வெளியிட்ட 'தி டார்க் சைடு ஆஃப் தி மூன்' காலம், பணம், சாவு, சித்தப் பிறழ்வு ஆகியவற்றை ஒரு தொடராகச் சிந்திக்கிறது.

இம்முறை நமக்குப் புதிதன்று. சங்கரன்கோவிலை அடுத்த சென்னிகுளத்தில் தோன்றிய அண்ணாமலை ரெட்டியார், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கழுகுமலை முருகன்மீது காவடிச் சிந்து பாடினார். ஒரு பாட்டைக் கேட்டால் சந்தம் இனிக்கும். வரிசையாகக் கேட்டால், மலைவளமும் கோயிற் சிறப்பும் தலைவியின் ஏக்கமும் ஓர் உள்ளத்தின் பயணமாக விரியும்.

இக்காலத் தமிழ்நாட்டில் அவ்வாறு கேட்கத்தக்கது, இளையராஜா 1986-இல் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்'. இதற்கு என்ன பெயரிடுவது என்பது தலைப்பின் பொருள். பாடலடிகள் இல்லாத இப்படைப்பு, தியாகராஜருக்கும் செருமானிய மேதை பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்டது.

"இது நம் இசையுமன்று, மேனாட்டு இசையுமன்று" என்று சிலர் இதனை ஒதுக்கக்கூடும். தட்டிலேயே இதற்கு விடை உண்டு. பாக்கைத் தம் இல்லத்தில் சந்தித்ததாகத் தலைப்பிட்ட பகுதியில், பாக் தனி வயலினுக்கென எழுதிய இசை விரைந்து ஓடுகிறது. அதன் ஸ்வரங்கள் ஒவ்வொன்றும் அசையாமல் தெளிவாக நிற்பவை. அதனோடு வி. எஸ். நரசிம்மனின் வயலின் கமகங்களுடன் குழைந்து இணைகிறது. அடுத்த பகுதியின் தலைப்பு, இருவரும் உரையாடினர் என்பது. முதலில் சந்திப்பு, பின்னர் உரையாடல். இவ்வரிசையைக் கலைத்தால் பொருள் சிதையும்.

சங்கரன்கோவிலில் சங்கரநாராயணர் ஒரே திருமேனியில் வலப்பாதி சிவமாகவும் இடப்பாதி திருமாலாகவும் காட்சி தருகிறார். எப்பாதியும் தன் அடையாளத்தை இழக்கவில்லை. கலப்பிசைக்கும் இதனையே அளவுகோலாகக் கொள்ளலாம். கலந்தது குற்றமன்று, கலந்தபின் இரண்டும் தம் இயல்பை இழந்தால் அதுவே குற்றம்.

இன்று கைப்பேசியில் ஒரு பாட்டு முடியுமுன் அடுத்ததற்குத் தாவுகிறோம். அவ்வாறு கேட்பவர்க்கு இத்தட்டு தன் கருத்தைத் தராது. ஒருநாள் மாலை, தொடக்கமுதல் இறுதிவரை இடையறாது கேளுங்கள். மறுமுறை தனி வயலினை மட்டும் பின்தொடருங்கள். மூன்றாம் முறை, அதற்கு அடியில் இழையும் தாழ்ந்த தந்திகளைக் கவனியுங்கள். அதன்பின் உங்கள் தீர்ப்பைச் சொல்லுங்கள்.