நிற்காத மனம், நகராத மனம்



நுங்கம்பாக்கம் லயோலா கல்லூரி புனித லொயோலா இஞ்ஞாசியாரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1522-இல் மன்ரேசாவில் தங்கியிருந்தபோது, 'ஏதோ ஒரு பாவத்தைச் சொல்லாமல் விட்டோமோ' என்று அவர் வதைபட்டார். மீண்டும் மீண்டும் பாவசங்கீர்த்தனம் செய்தும் அமைதி கிட்டவில்லை. பழைய பாவங்களை இனி அறிக்கையிடுவதில்லை என்று தீர்மானித்த பிறகே விடுதலை பெற்றார். அவருக்கு நாம் நோய்ப்பெயர் சூட்ட வேண்டாம். ஆனால் அந்த வேதனை நம் வீடுகளிலும் உண்டு.

பிள்ளை செபமாலையை முடிக்கத் திணறுகிறதா? ஏ.டி.எச்.டி. என்னும் கவனக்குறைபாடு இருந்தால், மூன்றாம் மணியிலேயே மனம் வேறெங்கோ ஓடிவிடும். ஓ.சி.டி. என்னும் எண்ணச் சுழற்சி இருந்தால், 'சரியாகச் சொல்லவில்லையோ' என்ற அச்சம் அதே மணிக்குத் திரும்ப இழுக்கும். வகுப்பறையிலோ இருவரும் கவனிக்காதவர்களாகவே தெரிவார்கள். இருவரின் வீட்டுப்பாடமும் முடிந்திராது. சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். சிகிச்சை வேறு வேறு. குருக்களாகிய நாங்கள் பாவமன்னிப்பு வழங்கலாம். நோயைப் பிரித்தறிவது மனநல மருத்துவரின் பணி.

ஆகவே 'சோம்பேறி' என்றும், 'விசுவாசம் போதாது' என்றும் தீர்ப்பிடாதிருப்போம். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. பிள்ளைக்காகச் செபிப்போம், மருத்துவரிடமும் அழைத்துச் செல்வோம். ஆமென்.