லோகோவைச் சுருக்கினா ஐகான் ஆகிடாது

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சற்றே திருத்தப்பட்டது.)

பின்னாடி ரயில் சத்தம் கேட்டா கண்டுக்காதீங்க. நான் இருக்கிறது பேசின் பிரிட்ஜ். சென்ட்ரல்ல பிளாட்பாரம் காலியாகாத வரைக்கும் ரயில் எல்லாம் எங்க ஏரியாவுலதான் நின்னு மூச்சு வாங்கும். எடிட்ல முடிஞ்ச அளவு குறைச்சிருக்கேன்.

இன்னைக்கு விஷயம் சின்னது. நிஜமாவே சின்னது, 16க்கு 16 பிக்சல். "டிசைனர் லேயரோட ஒரு போட்டோஷாப் ஃபைல் குடுத்திருக்கார், இதை வெப்சைட்டுக்கும் டெஸ்க்டாப் சாஃப்ட்வேருக்கும் ஐகானா எப்படி மாத்துறது?"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. பொதுவா கிடைக்கிற பதில், "ஏதாவது ஆன்லைன் கன்வர்ட்டர்ல போடு." ஃபைல் மாறும், இல்லைன்னு சொல்லல. ஆனா அதுல வர்றது ஐகானாங்கிறதுதான் கேள்வி.

ஐகான் யாருக்கு?

என் காலேஜ் நண்பன் ஒருத்தன் காசிமேட்டுல அவங்க அப்பாவோட கடையைப் பாத்துக்குறான். கயிறு, வலை, படகு உதிரி பாகம் விக்கிற கடை. பில்லிங் சாஃப்ட்வேர் நான் எழுதிக் குடுத்தேன். லோகோ ரொம்ப அழகு: ஒரு படகு, கீழ மூணு அலை, மேல வளைவா கடைப் பேரு, அதுக்குக் கீழ ஒரு வாசகம், எல்லாத்துக்கும் நிழல். நண்பன் அதை அப்படியே கன்வர்ட்டர்ல போட்டு டெஸ்க்டாப்ல வச்சுட்டான். அடுத்த நாள், கல்லாவுல முப்பது வருஷமா உக்காந்திருக்கிற அண்ணன் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "தம்பி, இதுல எதுப்பா நம்ம கடை?"

திரையில இருந்தது சாம்பல் கலர்ல ஒரு அழுக்கு. பக்கத்துல இன்னும் ரெண்டு சாம்பல் அழுக்கு. கீழ இங்கிலீஷ்ல பேரு இருக்கு, ஆனா அவருக்கு இங்கிலீஷ் படிக்க வராது. இத்தனை நாளா எது எந்த இடத்துல இருக்குங்கிற ஞாபகத்துலதான் வேலை பாத்திருக்கார்.

நம்ம வீட்லயும் இதுதானே நடக்குது. "அந்தப் பச்சைல போன் போட்டிருக்குமே, அதைத் தொறந்து குடு." பேரை யாரும் படிக்கிறதில்ல. நிறமும் வடிவமும்தான் பேரு.

இந்த விஷயம் இந்தியாவுக்குக் கம்ப்யூட்டர் வர்றதுக்கு முன்னாடியே தெரியும். 1951-52 முதல் பொதுத் தேர்தல்ல படிக்கத் தெரியாத வாக்காளர்கள்தான் பெரும்பான்மை. அதனால சின்னம். அப்போ ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனி ஓட்டுப் பெட்டி, பெட்டி மேல அவரோட சின்னத்தை ஒட்டியிருப்பாங்க. பின்னாளில் தேர்தல் ஆணையத்துல எம்.எஸ். சேத்தின்னு ஒரு வரைவாளர் இருந்தார். இன்னைக்கும் புழக்கத்துல இருக்கிற பல சின்னங்களைப் பென்சில்ல வரைஞ்சவர் அவர்தான். 1992ல ஓய்வு பெற்றார். அந்தச் சின்னங்களைக் கவனிச்சுப் பாருங்க. கறுப்பு வெள்ளை, கொஞ்சம் கோடு, ஒரே ஒரு பொருள். ஓட்டுச் சீட்டுல நகம் அளவுக்கு அச்சடிச்சாலும் அதேதான், ராயபுரம் சுவர்ல ஆள் உயரத்துக்கு வரைஞ்சாலும் அதேதான். ஐகானுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிஞ்சு இல்ல.

64ஆல் வகுத்துப் பாருங்க

ஒரு சின்னக் கணக்கு. உங்க லோகோ 1024க்கு 1024 பிக்சல்னு வைங்க. அதை 16க்கு 16ஆ சுருக்கினா ஒரு பக்கம் 64 மடங்கு குறையுது. அதாவது 4,096 பிக்சல் சேர்ந்து ஒரே ஒரு பிக்சல் ஆகுது. பெரிய படத்துல 3 பிக்சல் கனத்துல ஒரு அலைக்கோடு இருந்தா, சின்னதுல அது ஒரு பிக்சல்ல இருபதுல ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியாது, பக்கத்து நிறத்தைக் கொஞ்சம் அழுக்காக்கும், அவ்வளவுதான். அந்தக் கோடு ஒரு முழு பிக்சலா நிக்கணும்னா பெரிய படத்துல 64 பிக்சல் கனம் இருந்திருக்கணும்.

"கடைப் பேரோட முதல் எழுத்தை மட்டும் வைக்கலாமே?" வைக்கலாம், எழுத்தைப் பொறுத்து. 'ட', 'ப' ரெண்டும் நேர்க்கோடு, கட்டத்துல கச்சிதமா உக்காரும். 'ண', 'ஜ' எடுத்தா சிக்கல். சுழியும் வளைவும் ஒட்டாம இருக்க ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு பிக்சல், நடுவுல இடைவெளிக்கு ஒரு பிக்சல் வேணும். 16க்குள்ள மூச்சு முட்டும். 'ஸ்ரீ'ன்னு ஆரம்பிக்கிற கடைன்னா படகையே வச்சுக்கோங்க.

ஆக, இங்க வேலை சுருக்குறது இல்ல, கழிக்கிறது. எதைக் கழிக்கலாம்னு முடிவு பண்ணத்தான் லேயர் வேணும். வாட்ஸ்அப்ல வந்த ஜேபெக்ல படகும் நிழலும் ஒண்ணா உறைஞ்சு போயிருக்கும். பி.எஸ்.டி. ஃபைல்ல நிழலோட கண்ணை மூடினா போதும்.

ஃபைலைத் திறக்கும்போது

போட்டோஷாப் இல்லைன்னா இலவசமா இருக்கிற ஜிம்ப் போதும், பி.எஸ்.டி.யைத் திறக்கும். எழுத்து லேயர் வெறும் படமா மாறி வரலாம், நிழல் மாதிரி எஃபெக்ட் சரியா வராம போகலாம். எப்படியும் அதெல்லாம் கழியப் போகுது.

தமிழ் டிசைன் ஃபைலுக்குன்னே ஒரு தலைவலி உண்டு. நம்ம ஊர் டிடிபி கடைகள்ல இன்னும் யூனிகோட் இல்லாத பழைய எழுத்துருக்கள் ஓடுது. அந்த ஃபைலைப் போட்டோஷாப்ல திறக்கிறீங்க, உங்க மெஷின்ல அந்த எழுத்துரு இல்ல. எழுத்து லேயரைத் தொட்டு வேற எழுத்துருவுக்கு மாத்தின உடனே தமிழ் காணாமப் போயிடும். பாமினியில 'அம்மா'ன்னு அடிச்சிருந்தா, இங்க எம், கே, ஒரு அரைப்புள்ளி, மறுபடி கே, ஹெச்னு இங்கிலீஷ் எழுத்தா நிக்கும். காரணம், உள்ள இருக்கிறதே இங்கிலீஷ் எழுத்துதான், எழுத்துரு அதுக்குத் தமிழ் முகமூடி போட்டிருந்தது. அதனால டிசைனர்கிட்ட எழுத்துருவையும் கேளுங்க. இல்லைன்னா அந்த லேயரை வடிவமா மாத்திக் குடுக்கச் சொல்லுங்க.

கமாண்ட் லைன்ல இமேஜ்மேஜிக் பயன்படுத்துறவங்களுக்கு: பி.எஸ்.டி.யை நேரா பி.என்.ஜி. ஆக்கினா ஒரு படம் வராது, லேயருக்கு ஒண்ணா வரிசையா கொட்டும். ஃபைல் பேரை ஒட்டி சதுர அடைப்புக்குறிக்குள்ள பூஜ்யம் போட்டீங்கன்னா, எல்லா லேயரும் சேர்ந்த முழுப் படம் மட்டும் வரும். அது டிசைனர் சேமிக்கும்போதே உள்ள வச்ச படம். சேமிக்கும்போது 'மேக்சிமைஸ் கம்பாட்டிபிலிட்டி'யை அவர் அணைச்சு வச்சிருந்தா அது சரியா இருக்காது.

ஒரு ஃபைல், பல பாதை

இனி பேசின் பிரிட்ஜ் ஜங்ஷன் மாதிரிதான். இங்க வரைக்கும் ஒரே தண்டவாளம். தாண்டினா கொருக்குப்பேட்டை பக்கம் ஒண்ணு, வியாசர்பாடி ஜீவா பக்கம் ஒண்ணு.

முதல் பாதை விண்டோஸ். ஐ.சி.ஓ.ங்கிறது ஒரு படம் இல்ல, ஒரு டிபன் கேரியர். 16, 24, 32, 48, 256ன்னு பல அளவு படங்களை ஒரே ஃபைலுக்குள்ள அடுக்கி வைக்கலாம். எங்க எது வேணுமோ விண்டோஸ் எடுத்துக்கும். 256தான் உச்சம், ஏன்னா அகலத்தைக் குறிக்க ஃபைல்ல ஒரே ஒரு பைட்தான் இருக்கு. அதுல பூஜ்யம்னு இருந்தா 256ன்னு அர்த்தம். பி.என்.ஜி.யோட பேரை மட்டும் ஐ.சி.ஓ.ன்னு மாத்தினா விண்டோஸ் ஷார்ட்கட் ஏத்துக்காது.

இங்கதான் பலரும் குழம்புறாங்க. ஜிம்ப்ல ஐ.சி.ஓ.வா ஏற்றுமதி பண்ணும்போது ஒவ்வொரு லேயரும் ஒரு தனி அளவா போகும். டிசைன் ஃபைல்ல லேயர்னா ஒண்ணு மேல ஒண்ணு, எல்லாம் சேர்ந்து ஒரே படம். ஐ.சி.ஓ.வுல லேயர்னா ஒவ்வொண்ணும் ஒரு முழு ஐகான், ஒரு நேரத்துல ஒண்ணுதான் தெரியும். லேயர் ஃபைலை அப்படியே தள்ளினா அலை ஒரு ஐகான், நிழல் ஒரு ஐகான்னு போயிடும்.

அதனால நான் பண்றது இதுதான். ஃபைலுக்கு மூணு நகல். 256ல லோகோ ஏறக்குறைய முழுசா, வாசகம் மட்டும் இல்லாம. 48லயும் 32லயும் படகும் ஒரு அலையும். 24லயும் 16லயும் படகு மட்டும், ரெண்டு நிறம், கோடு எல்லாம் பிக்சல் எல்லையில சரியா உக்காரும்படி கையால திருத்தினது. அப்புறம் ஒவ்வொரு அளவையும் ஒரே லேயரா தட்டையாக்கி, ஒரு புது ஃபைல்ல அடுக்கி ஏற்றுமதி.

ரெண்டாவது பாதை வெப்சைட். 1999ல இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5தான் ஃபேவிகானைக் கொண்டு வந்தது. ஃபேவிகான் டாட் ஐ.சி.ஓ.ன்னு ஒரு ஃபைலை சைட்டோட வேர் ஃபோல்டர்ல போட்டா போதும். அது இன்னைக்கும் வேலை செய்யுது. கூடவே ஒரு எஸ்.வி.ஜி. வைங்க, டார்க் மோடுல நிறம் மாறுற மாதிரி அதுக்குள்ளயே எழுதலாம். ஆனா பிக்சல் படத்தை 'சேவ் ஆஸ்' போட்டு எஸ்.வி.ஜி. ஆக்க முடியாது, இங்க்ஸ்கேப்ல கோடா வரையணும். ஐபோன் முகப்புக்கு 180 பிக்சல் பி.என்.ஜி., பின்னணி கண்டிப்பா நிரப்புங்க, இல்லைன்னா கறுப்பா வரும். ஆண்ட்ராய்டுக்கு 192, 512. ஆண்ட்ராய்டு ஐகானை வட்டமா, வளைந்த சதுரமா வெட்டும். 'மாஸ்கபிள்'னு தர்ற ஐகான்ல முக்கியமானது எல்லாம் நடுவுல 80 சதவீத விட்டம் உள்ள வட்டத்துக்குள்ள இருக்கணும். படகோட மூக்கு வெளிய நீட்டினா நறுக்கிடும்.

மேக் வேணும்னா 16ல இருந்து 1024 வரை பி.என்.ஜி.க்களை ஒரு ஐகான்செட் ஃபோல்டர்ல போடுங்க, ஐகான்யூட்டில்ங்கிற கருவி அதை ஐ.சி.என்.எஸ். ஆக்கிடும். லினக்ஸ்ல ஒவ்வொரு அளவுக்கும் தனி ஃபோல்டர்.

எல்லாம் முடிஞ்சும் பழைய ஐகானே தெரிஞ்சா பதறாதீங்க. விண்டோஸும் பிரவுசரும் பழசை ஞாபகம் வச்சிருக்கும். ஃபைல் பேரை மாத்திப் பாருங்க.

கடைசியா ஒண்ணு

காசிமேட்டுக் கடைக்கு இது முடிஞ்சதுக்குக் காரணம், அவங்ககிட்ட லேயர் ஃபைல் இருந்தது. நம்ம பக்கத்துல பல கடைக்கு, கால்பந்து டீமுக்கு, பாக்ஸிங் கிளப்புக்கு அது இல்ல. லோகோவுக்குக் காசு குடுத்திருப்பாங்க, கையில இருக்கிறது வாட்ஸ்அப்ல வந்த ஒரு படம். டிசைனர் ஊர் மாறிட்டா, ஹார்ட் டிஸ்க் போயிட்டா, அந்த லோகோவை இனி யாரும் திருத்த முடியாது, திரும்ப வரையத்தான் முடியும்.

பணம் குடுக்கும்போதே நாலு விஷயம் கேளுங்க: லேயரோட மூல ஃபைல், எழுத்துரு, ஒரு எஸ்.வி.ஜி., வெள்ளைப் பின்னணி இல்லாத ஒரு பெரிய பி.என்.ஜி. டிசைன் பண்றவங்க கேக்குறீங்கன்னா, கேக்காமலே குடுங்க. ஐகானை முடிச்சதும் உங்க மானிட்டர்ல மட்டும் பாக்காதீங்க. அதை தினம் கிளிக் பண்ணப் போறவரைக் கூப்பிட்டு, பேரை மறைச்சுட்டு, "எது நம்ம கடை?"ன்னு கேளுங்க. அந்த அண்ணன் இப்போ படகைக் காட்டுறார். "அலை எங்கப்பா போச்சு?"ன்னும் கேட்டார். 256ல இருக்குன்னு பெருசாக்கிக் காட்டினேன்.

கேள்வி இருந்தா அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல எடுத்துக்கலாம்.