கால் மிஷின்



தையல் மிஷின் என்றதும் எல்லாரும் ஊசியைப் பார்ப்பார்கள், நூலைப் பார்ப்பார்கள். நாம் இன்றைக்குக் கொஞ்சம் குனிந்து மேசைக்கு அடியில் பார்ப்போம். அங்கே ஓர் இரும்பு மிதி, அதிலிருந்து மேலே போகும் ஒரு கம்பி, ஒரு பெரிய சக்கரம், சக்கரத்தைச் சுற்றி மேலே ஏறும் ஒரு தோல் வார். கால் மிஷின் என்று நாம் சொல்வது இந்த நாலும் சேர்ந்ததைத்தான். மும்பையில் தாராவி தொண்ணூறடிச் சாலையிலிருந்து உள்ளே பிரியும் சந்துகளில், மாடிப்படிக்குக் கீழேயும் வாசற்படியிலும் அது இன்னும் ஓடுகிறது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பல வீடுகளில் ஒரு பூப்போட்ட விரிப்பைப் போர்த்திக்கொண்டு ஓய்வெடுக்கிறது.

கையால் சுற்றும் மிஷின் இருக்கும்போது காலுக்கு ஏன் வேலை வந்தது? கை மிஷினில் வலது கை சக்கரத்தின் கைப்பிடியில் மாட்டிக்கொள்ளும். துணியைப் பிடிக்க இடது கை ஒன்றுதான் மிச்சம். தலையணை உறை தைக்க அது போதும். பிளவுஸுக்குக் கை ஏற்றிப் பாருங்கள், தெரியும். அக்குள் வளைவு ஒரு பக்கம், கைத்துணியின் வளைவு இன்னொரு பக்கம். இரண்டு வளைவும் எதிரெதிர். மேல்துணியை ஒரு விரல் இழுக்க வேண்டும், அடித்துணியை இன்னொரு விரல் தள்ள வேண்டும், சுருக்கம் விழாமல் கட்டைவிரல் நீவிக்கொண்டே வர வேண்டும். இரண்டு கையும் துணிக்கு என்று ஆன பிறகுதான் தையல் மிஷினை நம்பி ஒருவர் கடை போட முடிந்தது. அந்த இரண்டாவது கையை வாங்கிக் கொடுத்தது கால்.

மிஷின் முன்னால் உட்கார்ந்ததும் கால்தான் வேலையைத் தொடங்கும் என்று தோன்றும். பழகியவர்களைப் பாருங்கள். முதலில் வலது கை மேலே போய், சின்னச் சக்கரத்தைத் தன் பக்கமாக ஒரு தள்ளு தள்ளும். கால் அதைப் பிடித்துக்கொள்ளும். இந்தத் தள்ளு இல்லாமல் மிஷின் சில சமயம் கிளம்பவே கிளம்பாது. காரணம் கீழே இருக்கிறது. மிதி மேலும் கீழும் ஆடுகிறது. சக்கரமோ சுற்ற வேண்டும். ஆட்டத்தைச் சுற்றலாக மாற்றுவது அந்தக் கம்பி. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு இடத்தில், உச்சியில் ஒன்று, அடியில் ஒன்று, கம்பியும் சக்கரத்தின் அச்சும் ஒரே நேர்க்கோட்டில் வந்துவிடும். அங்கே நின்றுபோனால் ஏறி நின்று மிதித்தாலும் சக்கரம் அசையாது. சைக்கிள் பெடல் நேர் மேலே நிற்கும்போது அழுத்தினால் என்ன ஆகுமோ அதே கதை. ஓடத் தொடங்கிய பிறகு இந்தத் தொல்லை கிடையாது. வார்ப்பிரும்புச் சக்கரத்தின் கனமே அந்த இரண்டு இடத்தையும் தாண்ட வைத்துவிடும்.

கை அந்த முதல் தள்ளைத் தராவிட்டால் இன்னொரு வம்பும் உண்டு. சக்கரம் எதிர்ப்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்துவிடும். மேலே பார்த்தால் ஊசி ஏறி இறங்குவது போலத்தான் இருக்கும். துணியைத் திருப்பினால் அடியில் நூல் கூடு கட்டியிருக்கும். தையல் கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகளுக்கு முதல் சில நாள் துணியே கொடுக்க மாட்டார்கள். நூல் கோக்காத ஊசி, கோடு போட்ட நோட்டுத்தாள் ஒன்று. கோட்டின் மேலேயே ஓட்டை விழ வேண்டும். கை துணியை நடத்தப் பழகுவதற்கு முன்னால், கால் ஒரே சீராக ஆடப் பழக வேண்டும் என்பதுதான் அந்தப் பாடம்.

பெரிய சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் மேலே இருக்கும் சின்னச் சக்கரம் மூன்று நான்கு சுற்று சுற்றும். அப்படியென்றால் ஒரு மிதிக்கு மூன்று நான்கு தையல். வேகம் வேண்டுமென்றால் மிதிக்கலாம். மூலை வந்துவிட்டது, ஒரே ஒரு தையல் போட்டு ஊசியைத் துணிக்குள் நிறுத்த வேண்டும் என்றால், குதிகாலைச் சற்று ஊன்றினால் போதும், நின்றுவிடும். வலது பாதம் கொஞ்சம் முன்னால், இடது பாதம் கொஞ்சம் பின்னால். நுனியும் குதியும் மாறி மாறி. மிஷினுக்கு வேகம் கொடுப்பதும் அதைப் பிடித்து நிறுத்துவதும் அதே பாதம்தான்.

தோல் வேலையில் இந்த நிதானத்தின் மதிப்பு இன்னும் கூடுதல். துணியில் தவறாகத் தைத்தால் பிரித்துவிடலாம், ஊசி போன தடமும் இரண்டு சலவையில் மறைந்துவிடும். தோலில் ஊசி இறங்கினால் இறங்கியதுதான், அந்த ஓட்டை சாகும் வரை இருக்கும். தாராவி தோலோடு வளர்ந்த ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம்கள் இங்கே தோல் பதனிடும் தொழிலைத் தொடங்கினார்கள். அதில் வேலை செய்ய அதே சீமையிலிருந்து ஆதிதிராவிடக் குடும்பங்கள் பெருமளவில் வந்தன. 1971-ல் பாந்த்ராவின் மாடறுப்புக் கூடம் தேவனாருக்குப் போன பிறகு பதனிடும் தொழில் இங்கே சுருங்கியது. பையும் பெல்ட்டும் தைக்கும் தொழில் தங்கிவிட்டது. அந்தப் பட்டறைகளில் மோட்டார் வைத்த கனத்த மிஷின்கள் ஓடுகின்றன. ஆனாலும் பையின் மூலைக்கு வந்ததும் தொழிலாளி மோட்டாரை விட்டுவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றி ஒவ்வொரு தையலாக இறக்குவார். கவனித்துப் பாருங்கள்.

காலால் மிதிக்கும் ஏற்பாட்டைச் சிங்கர் கண்டுபிடித்தார் என்று பலர் சொல்வார்கள். காலுக்கு வேலை கொடுப்பது நமக்கு ஒன்றும் புதிதில்லை. குழித்தறியில் நெசவாளி எத்தனையோ நூற்றாண்டாக மிதித்துக்கொண்டுதான் இருந்தார். தையல் மிஷினிலும் சிங்கருக்கு முன்னாலேயே பிரான்சு நாட்டுத் தையற்காரர் தீமோனியே 1830-ல் காப்புரிமை வாங்கிய மிஷின் காலால் ஓடியதுதான். பாரிசில் ராணுவ உடுப்புத் தைக்க அப்படி எண்பது மிஷின் நிறுவினார்கள். பிழைப்பு போய்விடும் என்று பயந்த தையற்காரர்கள் 1831-ல் கும்பலாகப் புகுந்து அத்தனையையும் நொறுக்கினார்கள். அமெரிக்காவில் இலியாஸ் ஹோவ் 1846-ல் காப்புரிமை பெற்ற மிஷின் கையால் சுற்றுவது. அதன் பிறகு 1851-ல் வந்தவர் ஐசக் மெரிட் சிங்கர். மிஷினை அனுப்பி வைக்கும் மரப்பெட்டியையே மேசையாக்கி, அதன் அடியில் மிதியைப் பொருத்தினார். எதற்கெடுத்தாலும் வழக்குப் போட்டுக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், மிதிக்குக் காப்புரிமை வாங்க மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. நினைவு வந்தபோது காலக்கெடு தாண்டிவிட்டது. அவர் மறதி ஊருக்கு லாபம்.

சிங்கர் கம்பெனியின் இன்னொரு கெட்டிக்காரத்தனம் தவணை முறை. 1856-ல் சிங்கரின் கூட்டாளி எட்வர்ட் கிளார்க் அதைக் கொண்டுவந்தார். கொஞ்சம் பணம் கட்டி மிஷினை வீட்டுக்கு எடுத்துப் போ, தைத்துச் சம்பாதித்து மீதியைக் கட்டு. 1870களில் சிங்கர் இந்தியாவுக்கு வந்தது. பட்டேல் என்ற பார்சி ஏஜெண்ட் இங்கே அதன் வியாபாரத்தை வளர்த்தார். புடவையும் வேட்டியும் கட்டுகிற நாட்டில் தையல் மிஷினை யார் வாங்குவார்கள்? நியாயமான கேள்வி. பதில் பிளவுஸ் வடிவில் வந்தது, சட்டை வடிவில் வந்தது, பள்ளிக்கூடச் சீருடை வடிவில் வந்தது.

இந்த இடத்தில் காந்தியைச் சொல்லாமல் போக முடியாது. 1924-ல் டெல்லியில் ஜி. ராமச்சந்திரன் என்ற சாந்திநிகேதன் மாணவர் அவரிடம், நீங்கள் எல்லா இயந்திரத்துக்குமே எதிரியா என்று கேட்டார். விதிவிலக்கு உண்டு என்று காந்தி எடுத்துக்காட்டியது சிங்கர் தையல் மிஷினை. மனைவி கையால் தைத்துச் சலிப்பதைப் பார்த்து, அவள் மேல் உள்ள அன்பால் சிங்கர் இதைச் செய்தார் என்பது அவர் சொன்ன காரணம். அந்த மாணவர் விடவில்லை. சரி, அந்த மிஷினைச் செய்ய ஒரு தொழிற்சாலை வேண்டுமே, அதில் பெரிய இயந்திரங்கள் ஓடுமே என்று மடக்கினார். காந்தி ஒப்புக்கொண்டார், ஆனால் அப்படிப்பட்ட ஆலைகள் அரசின் கையில் இருக்க வேண்டும் என்றார். 

சிங்கரின் மனைவிப்பாசம் என்ற கதையை மட்டும் அப்படியே நம்பிவிடக் கூடாது. அவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள், இருபதுக்கும் மேல் பிள்ளைகள். எந்த மனைவி தைப்பதைப் பார்த்து மனம் இரங்கினார் என்று கேட்டால் அவரே திண்டாடியிருப்பார். காந்தி சொன்ன கதை பொய்த்தாலும், அவர் மிஷினைத் தேர்ந்தெடுத்தது சரி என்றே நான் நினைக்கிறேன். ஆளை வெளியே தள்ளாமல், ஆளின் உடம்பையே எஞ்சினாக வைத்துக்கொண்ட இயந்திரம் அது.

1930களில் கல்கத்தாவில் ஜெய் எஞ்சினியரிங் கம்பெனி ‘உஷா’ மிஷினைச் செய்யத் தொடங்கியது. அப்புறம் லூதியானா பெரிய உற்பத்தி மையமாயிற்று. இன்று நம் வீடுகளில் இருக்கும் கறுப்பு மிஷினில் எந்தப் பெயர் பொன்னெழுத்தில் இருந்தாலும், அடியில் இருக்கும் மிதிக்கும் சக்கரத்துக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. ஒன்றின் கம்பி தேய்ந்தால் இன்னொன்றின் கம்பியைப் போட்டு ஓட்டுகிற மெக்கானிக் ஊருக்கு ஊர் உண்டு.

இனி தாராவி வீடு ஒன்றுக்கு வருவோம். பத்தடிக்குப் பத்தடி அறை. மிஷின் தலையை மடக்கி உள்ளே இறக்கிப் பலகையை மூடினால், அது பிள்ளை வீட்டுப்பாடம் எழுதும் மேசை. இரவில் அதன்மேல் துணி மூட்டை ஏறும். பகலில் அதை வாசற்படி வரைக்கும் இழுத்துப் போடுவார்கள், வெளிச்சம் அங்கேதான் இருக்கிறது. பிளக் பாயிண்டைத் தேட வேண்டியதில்லை என்பது அப்போதுதான் பெரிய வசதியாகத் தெரியும். சந்தில் போகிறவள் நின்று கேட்பாள்: “அக்கா, நாளைக்கு ஸ்கூல்ல ஆண்டு விழா, பாவாடையைக் கொஞ்சம் இறக்கித் தாங்கக்கா.” “உள்ள மடிப்பு இருக்காடி? காட்டு. இருக்கு. பத்து நிமிஷம் நில்லு.” மடிப்பைப் பிரித்து, பழைய தடத்தை விரலால் நீவி, புதிய மடிப்பை ஓட்டிக் கையில் கொடுத்துவிடுவார். அந்த வருமானம் எந்தக் கணக்கிலும் ஏறாது. அந்த வீட்டுச் சிலிண்டர் அதில்தான் வருகிறது. ஆயுத பூஜைக்கு மிஷினுக்கும் சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ. அன்றைக்கு மட்டும் மிதிக்க மாட்டார்கள்.

பெரிய ஆர்டர் எடுக்கும் பட்டறைகளில் கதை வேறு. ‘ஜூக்கி’ என்று பொதுவாகச் சொல்லப்படும் தொழிற்சாலை மிஷினின் உச்ச வேகம் நிமிடத்துக்கு 5,000 தையலைத் தொடும். கால் மிஷினில் சில நூறு போட்டாலே கெண்டைக்கால் சொல்லிவிடும். அங்கேயும் காலுக்கு அடியில் மிதி உண்டு, ஆனால் அது இப்போது வெறும் ஸ்விட்ச். கால் கட்டளை போடுகிறது, மோட்டார் உழைக்கிறது. உழைப்பு குறைந்ததே என்று சந்தோஷப்படலாம்தான். கால் மிஷினைப் பற்றி உருகிப் பேசுகிறவர்கள் யாரும் பத்து மணி நேரம் மிதித்தவர்களாக இருக்க மாட்டார்கள். இடுப்பும் முழங்காலும் அதற்குக் கொடுத்த விலையை வயதான தையற்காரர்களிடம்தான் கேட்க வேண்டும். அதே சமயம் பீஸ் ரேட் என்பது நேரத்தைப் பார்க்காது, எண்ணிக்கையைத்தான் பார்க்கும். மிஷின் வேகமாக ஓடினால் அதே கூலிக்கு அதிக பீஸ் எதிர்பார்ப்பார்கள். கால் மிஷினில் உட்கார்ந்திருப்பவர் தன் வேகத்தைத் தானே வைத்துக்கொள்கிறார். பெரும்பாலும் தன் விலையையும்.

இந்தச் சந்துகளை அடுக்குமாடிகளாக மாற்றும் தாராவி மறுசீரமைப்புத் திட்டத்துக்கான ஏலத்தில் 2022 நவம்பரில் அதானி குழுமம் வென்றது. 2024-ல் வீடு வீடாகக் கணக்கெடுப்புத் தொடங்கியது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருந்தவர்கள் என்று நிரூபித்தால் 350 சதுர அடி வீடு. இடம் இப்போதையதைவிடப் பெரிது, சந்தேகமில்லை. ஆனால் பாவாடை இறக்க வரும் பெண் லிஃப்ட் ஏறிப் பதினைந்தாவது மாடிக்கு வருவாளா? வாசற்படியே கடையாக இருந்தவருக்கு வாசற்படியையும் கணக்கில் சேர்த்தார்களா என்பதுதான் நான் அந்த வரைபடங்களில் முதலில் தேடுவது.

கடைசியாக, பூப்போட்ட விரிப்பின் கீழே மிஷின் வைத்திருக்கும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. தேங்காய் எண்ணெய் மட்டும் விடாதீர்கள். நாளானால் அது பிசின் மாதிரி இறுகிவிடும். ஏற்கெனவே விட்டிருந்தால், கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, நூல் இல்லாமல் ஓட்டித் துடைத்துவிட்டு, மிஷின் எண்ணெய் போடுங்கள். மேலே எல்லாரும் போடுவார்கள். மிதியின் இரு பக்கக் கொண்டிகளிலும், கம்பியின் இரு முனையிலும், பெரிய சக்கரத்தின் அச்சிலும் ஒவ்வொரு சொட்டு விட மறக்காதீர்கள். வார் காய்ந்து வெடித்திருந்தால் புதிது வாங்குங்கள். மழைக்காலத்தில் தோல் வார் தளர்ந்து வழுக்கும். கிளிப்பைக் கழற்றி அரை விரற்கடை வெட்டி மறுபடி மாட்டினால் சரியாகிவிடும். ரொம்ப இறுக்கினால் மிதி கனக்கும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால், தைத்து முடித்ததும் வாரைச் சக்கரத்திலிருந்து தள்ளிவிட்டுவிடுங்கள். மிதியில் உட்கார்ந்து ஊஞ்சலாடாத பிள்ளை எந்த வீட்டிலும் இல்லை, விரல் போவது அந்தச் சக்கரத்துக்குள்தான்.