நம்ம கைக்கும் கூலி எழுதுவோம்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில், காகித லாந்தர் செய்யும் குழுவின் ஊக்குநர் பேசியது)



கல்யாண வரவேற்பு, பிறந்தநாள் விழாக்களில் சாப்பாட்டு மேசை நடுவில் அழகுக்கு ஒரு காகித லாந்தர் வைக்கிறார்கள். எங்கள் குழு அதைத்தான் செய்கிறது. முதல் ஆர்டரில் நாங்கள் பட்ட பாட்டை நீங்கள் படக்கூடாது என்றுதான் பேச வந்தேன்.

முதலில் செய்முறை. 28க்கு 22 அங்குல சார்ட் பேப்பர் ஒன்றில் 6 லாந்தர் வரும். ஒவ்வொரு துண்டும் 11 அங்குல நீளம், 9 அங்குல அகலம். அகலம் பாதியாகும்படி நீளவாக்கில் மடியுங்கள். மடிப்பு இல்லாத ஓரத்தில் ஒரு அங்குலம் விட்டுக் கோடு போடுங்கள். மடிப்புப் பக்கமிருந்து அரை அங்குலத்துக்கு ஒரு வெட்டு, கோடு வரைக்கும். கோட்டைத் தாண்டினால் துண்டு வீண். பிரித்து, குழாய் மாதிரி சுருட்டி ஒட்டுங்கள். உள்ளே ஏழரை அங்குல உயரத்தில் பட்டர் பேப்பர் குழாயை வைத்து, மேலும் கீழும் ஒட்டினால் வெளிக்காகிதம் அழகாகப் புடைத்து நிற்கும்.

உள்ளே மெழுகுவர்த்தி வேண்டவே வேண்டாம். காகிதம் பற்றிக்கொள்ளும். பேட்டரியில் எரியும் சின்ன எல்.இ.டி. லைட் போதும். அதன் பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. மூடியை இறுக்கி, கைக்கு எட்டாமல் வையுங்கள்.

இப்போ கணக்குக்கு வருவோம். முதல் ஆர்டர் 60 லாந்தர். சார்ட் 2 ரூபாய், பட்டர் பேப்பர் 3, பசை, ரிப்பன் 2, லைட் 15. ஆக ஒன்றுக்கு 22 ரூபாய். 25 ரூபாய் என்று விலை சொன்னோம். 180 ரூபாய் லாபம் என்று சந்தோஷம். முழுசாக ஒட்டி, அட்டைப்பெட்டியில் அடுக்கி பஸ்ஸில் கொண்டுபோனோம். கூட்டத்தில் 14 நசுங்கிப் போச்சு. மண்டப வாசலில் உட்கார்ந்து திரும்பச் செய்ததில் 98 ரூபாய் போனது. பஸ் செலவு 80. ஐந்து பேர் உழைத்து, கையில் நின்றது 2 ரூபாய்! களை எடுக்கப் போயிருந்தால்கூட கூலி வந்திருக்குமே என்று ஒரு அக்கா கண் கலங்கிவிட்டார்.

அன்றைக்குக் குழுக் கூட்டத்தில் நோட்டைப் பிரித்துப் பார்த்தோம். காகிதத்துக்கு எழுதியிருந்தோம், பசைக்கு எழுதியிருந்தோம். எங்கள் கைக்கு ஒரு காசுகூட எழுதவில்லை!

ஒரு லாந்தருக்கு 20 நிமிஷம் ஆகிறது. மணிக்கு 60 ரூபாய் என்றால் கூலி 20. பஸ்ஸுக்கும் சேதாரத்துக்கும் 5, குழுவுக்கு 3. எல்லாம் சேர்த்து 50 ரூபாய். அடுத்து வந்தவர், "போன தடவை 25தானே வாங்கினீங்க?" என்றார். கூலியில் குறைக்க மாட்டோம் என்றோம். அதற்குப் பதிலாக, விழா முடிந்ததும் லைட்டை நாங்களே திரும்ப எடுத்துக்கொள்கிறோம், வாடகை 3 ரூபாய் தந்தால் போதும் என்றோம். விலை 38 ஆனது. ஒத்துக்கொண்டார். லைட் வாங்க 900 ரூபாய் குழுவில் உள்கடன் எடுத்தோம். இதே மாதிரி 5 விழா போனால் வாடகையிலேயே அந்தப் பணம் வந்துவிடும்.

இந்த முறை வெட்டிய காகிதத்தை இரண்டு அட்டைக்கு நடுவில் தட்டையாகக் கொண்டுபோய், மண்டபத்தில் வைத்து ஸ்டேப்ளர் அடித்தோம். ஒன்றுகூட நசுங்கவில்லை. ஆளுக்கு 240 ரூபாய் கூலி. குழுவுக்கு 180.

ஊறுகாய் போட்டாலும், கூடை பின்னினாலும் இதே கதைதான் சகோதரிகளே. வீட்டில் உட்கார்ந்து செய்வதால் அது வேலை இல்லை என்று ஆகிவிடாது. இன்றைக்கே உங்கள் குழு நோட்டில் பொருள் செலவுக்குப் பக்கத்தில் 'கூலி' என்று ஒரு கோடு போடுங்கள். அதை நிரப்பிவிட்டு விலை சொல்லுங்கள்.