தோல் கோட்டுத் தொழிலும் நம் மகளிர் குழுக்களும்

(ஊராட்சி ஒன்றியக் கூட்ட மன்றத்தில் சுய உதவிக் குழுவினரிடையே வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



பாலாற்றங்கரையில் வாழும் நமக்குத் தோல் புதிய பொருளன்று. வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, இராணிப்பேட்டை என்னும் ஊர்ப்பெயர்களைச் சொன்னாலே தோல் ஷாப்பின் நினைவு வந்துவிடும். இங்குக் கூடியிருப்போரில் பலர் காலணித் தொழிற்சாலைகளில் மேல்தோல் தைத்தவர்கள். வேறு சிலர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, ஜோடிக்கு இவ்வளவு என்று கூலிக்குத் தைப்பவர்கள். ஊசியும் தையற்பொறியும் உங்கள் கைக்குப் பழகியவை. ஆட்டுத்தோலால் கோட்டுகள் தைத்து நீங்களே விற்கலாமா என்று குழுக்கள் ஒன்றுகூடி நம் அலுவலகத்தைக் கேட்டிருக்கின்றன. அதே வேளையில், நகரத்து வியாபாரி ஒருவர், பொறி வாங்க முன்பணம் தருவதாகவும், வெட்டிய துண்டுகளைத் தாமே அனுப்புவதாகவும், நீங்கள் தைத்துக் கொடுத்தால் மட்டும் போதும் என்றும் சொல்லியிருக்கிறார். இவ்விரண்டில் எதைக் கைக்கொள்வது என்பதே இன்று நாம் கலந்து பேச வேண்டிய பொருளாகும்.

முதலில் பழைய கதையைச் சிறிது நினைவுகூர்வோம். ஆவாரம்பட்டையில் பதனிட்டு, கடுக்காய்ச் சாற்றில் தோய்த்த நம் தோல்கள், 19ஆம் நூற்றாண்டிலேயே சென்னைத் துறைமுகத்திலிருந்து லண்டனுக்குச் சென்றன. ஈஸ்ட் இந்தியா தோல் என்று அவற்றுக்குப் பெயர். அவை அரைப்பதத் தோல்கள். வண்ணம் ஊட்டுவதும், மெருகேற்றுவதும், வெட்டுவதும், தைப்பதும் அங்கே நடந்தன. விலையின் பெரும்பகுதியும் அங்கேயே தங்கியது. 1972ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட சீதாராமையா குழுவின் யோசனைகளுக்குப் பின்னரே, அரைப்பதத் தோலின் ஏற்றுமதிக்கு அரசாங்கம் வரம்பு கட்டி, முடிந்த தோலாகவும் தோற்பொருளாகவும் அனுப்புமாறு தூண்டியது. இன்று சென்னையைச் சுற்றிலும் தோலாடை தைக்கும் நிலையங்கள் இருப்பதற்கு அந்த மாறுதல் ஒரு முக்கியக் காரணம்.

எனினும் கிராமத்தைப் பொறுத்தவரை என்ன மாறியது? தோல் பதனிட்ட கழிவு நம் ஆற்றிலும் கிணற்றிலும் இறங்கியது. வேலூர் மாவட்ட மக்கள் நல அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை நீங்கள் அறிவீர்கள். உப்பேறிய நிலத்தில் தென்னை காய்க்காத வீடுகள் இந்த மன்றத்திலேயே உண்டு. தோலைத் தொட்டவர்களை ஊருக்கு வெளியே நிறுத்திய வழக்கத்தின் வடுவும் இன்னும் முழுதும் ஆறவில்லை. இத்தனையும் தாங்கிய ஊருக்கு, முடிந்த தோலைக் கோட்டாக்கும் வேலையும் அதன் ஆதாயமும் வந்து சேர்வது நியாயமன்றோ? வெட்டுவதற்கும் தைப்பதற்கும் நீர்த்தொட்டி வேண்டாம். சுத்திகரிப்பு நிலையம் வேண்டாம். நல்ல வெளிச்சமுள்ள அறையும், அகன்ற மேசையும், பொறியும், பழகிய கையும் போதும்.

இனித் தொழிலுக்கு வருவோம். நம் பெண்களிடம் ஜாக்கெட் என்றால் வேறு பொருளாகிவிடும். ஆதலின், இடுப்பளவு உள்ள மேலாடையைக் குட்டைக் கோட்டு என்றே இங்குச் சொல்வோம்.

துணி தைத்தவர்கள் தோலுக்கு வரும்போது முதலில் தடுமாறும் இடம் வெட்டும் மேசைதான். துணி சுருளாக வரும். எங்கு வெட்டினாலும் ஒன்றுபோல் இருக்கும். ஆட்டுத்தோல் ஒன்று சுமார் 5 சதுர அடிதான் வரும். அதற்குள்ளேயே பல குணங்கள் உண்டு. முதுகெலும்பை ஒட்டிய பகுதி அடர்த்தியாகவும் உறுதியாகவும் இருக்கும். வயிற்றுப் பக்கம் தளர்ந்து இழுபடும். நீளவாக்கில் குறைவாகவும் குறுக்குவாக்கில் மிகுதியாகவும் தோல் நெகிழும். ஆகவே முன்பாகம், பின்பாகம், மேல்காலர், கையின் மேற்புறம் ஆகிய கண்ணில் படும் துண்டுகளை முதுகுப் பகுதியிலிருந்து, முதுகெலும்பின் நீளத்தோடு ஒட்டி எடுக்க வேண்டும். அக்குள் பக்கம், காலரின் அடிப்புறம், உள்மடிப்பு ஆகியவற்றுக்கு ஓரத்துத் தோல் போதும். குட்டைக் கோட்டு ஒன்றுக்கு எட்டுத் தோல்கள் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், எட்டு வெவ்வேறு ஆடுகளின் தோல், தைத்து முடித்தபின் ஒரே ஆட்டின் தோல்போல் தோன்ற வேண்டும். அதற்காகத்தான் பகல் வெளிச்சத்தில் தோல்களை விரித்து, நிறமும் கனமும் மேற்பரப்பின் நயமும் பார்த்து ரகம் பிரிக்கிறார்கள். இந்த ரகம் பிரிக்கும் கண் உள்ளவருக்கே தொழிற்சாலைகளில் மதிப்பு மிகுதி.

கோட்டின் அமைப்பையும் தோலே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. ஆட்டுத்தோலில் முழு நீளப் பின்பாகம் ஒரே துண்டாக வராது. ஆதலால் தோளுக்குக் கீழே ஒரு பட்டி, இடுப்பில் ஓர் இணைப்பு, நடுவே ஒரு தையல் என்று பிரித்து வரைகிறோம். அழகுக்காகப் போட்டவைபோல் தோன்றும் அக்கோடுகளில் பல, தோலின் அளவு கேட்டுப் பெற்றவையே. இதை உணர்ந்தவர் வெளிநாட்டுப் படத்தைப் பார்த்து அப்படியே வரைய மாட்டார். தம் கையில் உள்ள தோலுக்கு ஏற்ற கோட்டை வரைவார்.

மற்றொன்று, தோலில் ஊசி இட்ட துளை அழியாது. பிரித்துத் தைக்கலாம் என்ற எண்ணமே கூடாது. எனவே அட்டை மாதிரி வெட்டியதும், அதை வைத்துக் காடாத் துணியில் ஒரு கோட்டுத் தைத்து, ஆளுக்கு அணிவித்து, கையை உயர்த்தவும் முன்னே நீட்டவும் செய்து பார்த்த பிறகே தோலில் கத்தியை வைக்க வேண்டும். இருசக்கர வண்டி ஓட்டுபவருக்குக் கை சற்று நீளமாகவும் முதுகு சற்று அகலமாகவும் இருத்தல் நலம். குண்டூசி குத்தாமல் கவ்விகளால் பிடித்துக்கொள்ள வேண்டும். தோலுக்கென்று உள்ள கூர்முனை ஊசியால், அங்குலத்துக்கு ஏழு எட்டுத் தையலுக்கு மேற்படாமல் தைக்க வேண்டும். நெருங்கத் தைத்தால் கடிதத்தில் தபால்தலை கிழிவதுபோல் அந்தக் கோட்டிலேயே கிழியும். தைத்த மடிப்பை ரப்பர் சொல்யூஷன் தடவி, சுத்தியலால் மெல்லத் தட்டிப் படியச் செய்தால்தான் கோட்டு கோட்டாக நிற்கும். காலணி தைத்த கைகளுக்கு இவை கடினமல்ல.

விலைக் கணக்கில்தான் கவனம் மிகுதியாக வேண்டும். எண்களை உதாரணமாக மட்டும் கொள்ளுங்கள். அட்டை மாதிரிகளை அளந்தால் 32 சதுர அடி வருகிறது. தோல் அடி 100 ரூபாய் என்போம். தோலுக்கு 3,200 ரூபாய் என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் ஓரம், துளை, கீறல், வயிற்றுப் பகுதி எல்லாம் கழிந்து 32 அடி கிடைக்க 40 அடி வாங்க வேண்டியிருக்கும். அதாவது 4,000 ரூபாய். உள்துணி, ஜிப், பொத்தான், நூல் ஆகியவற்றுக்கு 700. மூன்று நாள் வேலைக்கு நாளுக்கு 600 வீதம் 1,800. வாடகை, மின்சாரம், பொறித் தேய்மானம் 300. கடைக்கும் கண்காட்சிக்கும் அனுப்பும் செலவு 700. ஆகக் கூடி 7,500 ரூபாய். இலாபம் இதற்கு மேல்தான். கழிவைக் கணக்கில் சேர்க்காமல் விட்டவர் 800 ரூபாயை எங்கிருந்து கொடுப்பார்? தம் கூலியான 1,800இலிருந்துதான் கொடுப்பார். அக்கம்பக்கத்துக் கடைகளில் விலை குறைவாக இருக்கிறதே என்று அஞ்சிக் கூலியை எழுதாமல் விடும் பழக்கம் நம் குழுக்களில் உண்டு. ஊறுகாய்க் கணக்கிலும் மிளகாய்ப்பொடிக் கணக்கிலும் நாம் அதைப் பார்த்திருக்கிறோம். கோட்டில் அப்படிச் செய்தால் ஒரே பருவத்தில் முதலே கரைந்துவிடும். கழிந்த துண்டுகளைப் பணப்பையாகவும் சாவிக்கொத்தாகவும் மாற்றினால் கிடைப்பது சிறு தொகைதான். அதை நம்பிக் கோட்டின் விலையைக் குறைக்க வேண்டாம்.

குழுவினர் சிலர் உரோமக் கோட்டைப் பற்றியும் கேட்டனர். செம்மறி ஆட்டின் தோலை உரோமத்தோடு பதனிட்டு, உரோமம் உட்புறமும் தோல் வெளிப்புறமுமாகத் தைப்பது அது. வியாபாரத்தில் ஷியர்லிங் என்பர். உரோமம் காற்றைப் பிடித்து வைத்துக் குளிரைத் தடுக்கிறது. தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்வாங்கியும் நனைந்த உணர்வு தருவதில்லை. 1930களில் லெஸ்லி இர்வின் என்பவர் பிரிட்டிஷ் விமானிகளுக்கு இத்தகைய கோட்டை அமைத்துக் கொடுத்தார். ஆப்கானிஸ்தானத்துக் கஜினிப் பக்கத்திலோ, போஸ்தீன் என்ற பெயரில் பூவேலை செய்த உரோமக் கோட்டு வழிவழியாக உண்டு. 1960களின் பிற்பகுதியில் லண்டன் இளைஞரிடையே அந்தக் கோட்டுக்குத் திடீரென்று மோகம் எழுந்தது. அவசரமாகச் சரிவரப் பதனிடாத தோல்களில் தைத்து அனுப்பியவை மழையில் நனைந்ததும் நாற்றமடித்தன. மோகம் தணிந்தபோது அந்தப் பெயரே கேலிக்கு உள்ளாயிற்று. நல்ல போஸ்தீன் தைத்தவனும் அதில் அடிபட்டிருப்பான்.

நம்மிடம் உள்ள ஆடு வேறு வகை. சேலம், ஈரோடு, நாமக்கல் பக்கத்து மேச்சேரி ஆட்டுக்கும், செங்கற்பட்டுப் பக்கத்துச் சென்னைச் சிவப்பு ஆட்டுக்கும் கம்பளி இல்லை, குறுமயிர்தான். அதனாலேயே அவற்றின் தோல் நெருக்கமும் மென்மையும் உடையதாய், மெல்லிய ஆடைத் தோலுக்குச் சிறந்ததாய் இருக்கிறது. கம்பளி தரும் நீலகிரி ஆடு எண்ணிக்கையில் மிகக் குறைவு. அதைப் பேண வேண்டிய நிலையில் தோலுக்காக எண்ணுவது தகாது. ஆகவே ஷியர்லிங் தோலைப் பெரும்பாலும் வெளியிலிருந்து விலைக்கு வாங்க வேண்டும். அதைத் தைக்கும் முறையும் வேறு. உரோமம் அறுபடாமல் தோற்புறத்திலிருந்து கத்தியால் கீற வேண்டும். தையல் ஓரத்து உரோமத்தை மழித்தெடுக்க வேண்டும். கனம் தாங்கும் பொறி வேண்டும். ஒரு துண்டு கெட்டால் நட்டம் பெரிது. இரண்டு பருவம் குட்டைக் கோட்டுத் தைத்துக் கை தேர்ந்த பின், முன்பணத்தோடு ஆர்டர் வந்தால் மட்டுமே இதைத் தொடலாம் என்பது நம் கருத்து. செயற்கைப் பஞ்சு ஒட்டிய துணியை ஷியர்லிங் என்று சொல்லி விற்போரும் உண்டு. உரோமத்தைப் பிரித்து அடியைப் பார்த்தால், அங்கே தோல் தெரிகிறதா நெசவு தெரிகிறதா என்று விளங்கிவிடும். நம் குழு காலருக்குச் செயற்கை உரோமம் வைத்தால், செயற்கை என்றே சீட்டில் எழுத வேண்டும்.

ஆடு வளர்ப்போருக்கும் இவ்விடத்தில் ஒரு வார்த்தை. வேலி முள் கீறலும், உண்ணிக் கடியும், அம்மைத் தழும்பும் பதனிட்ட பின் மேலே வந்து நிற்கும்; தடுப்பூசியும் உண்ணி நீக்கமும் தோலுக்கும் விலை தருவன. கறிக்கடையில் தோலுரிக்கும் கத்தி நுனி பட்ட இடம் துளைதான். உரித்த சில மணி நேரத்துக்குள் உப்பிடாத தோல் அழுகத் தொடங்கும்.

விற்பனைக்கு வருவோம். நம் வெயிலில் தோல் கோட்டை யார் வாங்குவார் என்று சிரிப்போர் உண்டு. உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்வோர், வண்டியில் நெடுந்தூரம் செல்லும் இளைஞர், வடநாட்டுக் குளிருக்குப் பயணம் போவோர் ஆகியோரே நமக்கு முதல் வாடிக்கையாளர். இருபது கோட்டு தைத்து அலமாரியில் தொங்கவிட்டுக் காத்திருப்பது வேண்டாம். ஈரப்பதம் மிகுந்த மாதத்தில் பூசணம் பிடித்து நிற்கும். மூன்று மாதிரிகள் மட்டும் தைத்து, பகல் ஒளியில் நல்ல படமெடுத்து, அளவும் பாதிப்பணமும் வாங்கிக்கொண்டு தைப்பது சிறு குழுவுக்கு ஏற்றது. ஆயத்தக் கோட்டு விற்பவரால் எளிதில் தர இயலாத ஒன்று உங்களிடம் உண்டு: அணிபவரின் அளவுக்கே தைத்துத் தரலாம். மதி அங்காடிகளிலும், சென்னையில் நடைபெறும் பன்னாட்டுத் தோல் கண்காட்சியிலும் மாதிரிகளை வைக்க நம் அலுவலகம் முயலும். ஒவ்வொரு கோட்டோடும் ஒரு சீட்டு செல்லட்டும்: தண்ணீரில் துவைக்க வேண்டாம், வெயிலில் காயவிட வேண்டாம், அகன்ற தோள் உள்ள தாங்கியில் மாட்டவும், பிளாஸ்டிக் உறையில் அடைக்காமல் துணிப்பையில் வைக்கவும்.

இனி வியாபாரியின் யோசனை. அதை முற்றிலும் தள்ள வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. புதிய தொழிலில் முதல் ஆண்டு ஆர்டர் சீராக வராது. கூலித் தையல் அடுப்பை எரியவைக்கும். ஆனால் அவர் தரும் முன்பணத்தில் பொறி வாங்கினால், அந்தப் பொறியில் வேறொருவருக்குத் தைக்க முடியாமற் போகும். வெட்டிய துண்டுகளே வந்துகொண்டிருந்தால், ரகம் பிரிக்கவும் வெட்டவும் உங்களில் ஒருவரும் கற்க மாட்டீர்கள். பத்து ஆண்டுக்குப் பிறகும் ஜோடிக்கு இவ்வளவு என்பது உருப்படிக்கு இவ்வளவு என்று மாறியிருக்கும், அவ்வளவே. ஆகவே பொறியைக் குழுவின் சேமிப்பிலும் வங்கிக் கடனிலும் வாங்குவோம். வாரத்தில் நான்கு நாள் அவருக்குக் கூலிக்குத் தைப்போம். இரண்டு நாள் நம் சொந்த மேசையில் வெட்டுவோம். இதற்கு அவர் உடன்படாவிட்டால், அவர் வேண்டியது உங்கள் தையலை மட்டுமன்று என்று தெரிந்துகொள்ளலாம்.

பயிற்சிக்குத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. அடையாற்றில் 1948 முதல் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் நமக்கு அண்மையில் இருக்கிறது. 1958 முதல் 1971 வரை அதன் இயக்குநராக விளங்கிய டாக்டர் நாயுடம்மா, ஆய்வுக்கூடத்தின் அறிவு சிறு தொழிலாளியையும் எட்ட வேண்டும் என்பதில் கருத்தாக இருந்தவர். வெட்டும் வேலைக்கென்று குழுவிலிருந்து நால்வரைத் தேர்ந்தெடுத்துக் கொடுங்கள். அங்குப் பயிற்சிக்கு அனுப்புவதற்கான கடிதப் போக்குவரத்தை நம் அலுவலகம் பார்த்துக்கொள்ளும். நால்வரில் இருவராவது, கணவர் வேலையை முன்னிட்டு ஊர் மாறும் நிலையில் இல்லாதவராக இருத்தல் நலம்.

அதற்குமுன் செய்யத்தக்க வேலை ஒன்று உண்டு. பழைய தோல் கோட்டு ஒன்றை நம் அலுவலகத்துக்கு வாங்கி வைத்திருக்கிறோம். வரும் திங்கட்கிழமை காலை அதைத் தையல் தையலாகப் பிரித்து, துண்டுகளைத் தரையில் பரப்பி, எந்தத் துண்டு தோலின் எந்தப் பகுதியிலிருந்து வந்தது என்று பார்ப்போம். அடிக்கோலும், பழைய காலண்டர் அட்டையும், கூரிய பென்சிலும் கொண்டு வாருங்கள்.